பனிமனிஷி

"அக்கா, எலைய தொடாத. இந்த வெயில்ல தொட்டா தூளாப் பூடும்."

முனிகிருஷ்ணன் வாசலில் பச்சை மூங்கிலைப் பிளந்துகொண்டே குரல் கொடுத்தபோது சுலோசனா முக்காலியின் மேல் ஏறி நின்றிருந்தாள். தாழ்வாரத்துக் கழிகளில் புகையிலைச் சரங்கள் தொங்கின. பச்சை முற்றிலும் போய் வெல்லப்பாகின் நிறத்துக்கு வந்துவிட்ட இலைகள். பாதிக் கழிகள் காலியாக இருந்தன. மீதிச் சரங்களுக்கு நேர் கீழே, பலகையின் மேல், நெற்றியில் காசோடு அம்மா படுத்திருந்தாள்.

"ஜனம் வந்துக்கினே இருக்காங்கடா. எல்லாருக்கும் தலையில இடிக்குது. எறக்கிட்டா எடம் தாராளமா இருக்கும்" என்றாள் சுலோசனா.

காரணம் அதுவல்ல என்பது அவளுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது.

நடுச்சரத்தின் முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். காய்ந்த புகையிலையைப் பகலில் யாரும் தொட மாட்டார்கள். விடியற்காலைப் பனி இறங்கி இலை ஈரத்தை வாங்கி, காது மடல் மாதிரித் துவண்டு வரும் பதத்தில்தான் இறக்க வேண்டும். அம்மா அதைச் சொல்லிக்கூடத் தரவில்லை. அடுப்பில் கை வைத்தால் சுடும் என்பதைப் போல அந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் இழுத்தாள். சரம் ஒருமுறை அதிர்ந்தது. அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. கையில் கயிறும் காம்புகளும் மட்டும் நின்றன. இலையெல்லாம் பொடியாகி அம்மாவின் முகத்தில், மூடிய கண்களின் குழியில், வாய்க்கட்டின் மடிப்பில் கொட்டியது.

"ஐயையோ" என்று கீழே குதித்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தூள் கிளம்பியது. எதிர்வீட்டுக்காரிதான் முதலில் தும்மினாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள். பிறகு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த வரிசை முழுக்கத் தும்மியது. வாசலில் பறையடித்துக்கொண்டிருந்தவர் ஒரு தும்மலில் தாளத்தை விட்டுவிட்டு, வெட்கத்தோடு திரும்பப் பிடித்தார்.

"போற போக்குல கூட இந்தக் கங்கம்மா நம்மள வுடல பாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு. சாவு வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

சுலோசனாவின் கண் எரிந்தது. தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. நண்பகலில் வந்து இறங்கியதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனம் முழுக்க வேறொரு பயம் உட்கார்ந்திருந்ததால் அழுகைக்கு இடமில்லாமல் போயிருந்தது.

"பாரு, இப்பதான் ஒடஞ்சி அழுவுது. வந்ததுலேந்து கல்லு மாரி கீதேன்னு பாத்தேன்."

"பொண்ணாச்சே. பெத்த வயிறு மாரி பொறந்த வயிறும் எரியாதா?"

யாரோ அவளை மார்பில் சாய்த்துக்கொண்டார்கள். இது புகையிலைத் தூள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாய்ந்துகொண்டாள்.

*

காலையில் ஊரிலிருந்து திருப்பதிக்கு ஆள் வந்து செய்தி சொன்னபோது அவள் கணவன் வரதராஜன் ஆபீசுக்குப் போய்விட்டிருந்தான். விடியலில் தாழ்வாரத்தில் இலை இறக்கிக்கொண்டிருந்த அம்மா, மடியில் இலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். களைப்பு என்று நினைத்து முனிகிருஷ்ணன் கஞ்சி கொண்டுவந்திருக்கிறான். அவ்வளவுதான்.

சுலோசனா இரண்டு புடவைகளைப் பையில் திணித்தாள். கதவைப் பூட்டும்போது ஒன்றைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு, எதற்கு எறிந்தோம் என்று தெரியாமல் நின்றாள். அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏமயிந்தம்மா?" என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"அம்மா... எங்க அம்மா போயிட்டாங்க."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் விழுந்தது என்னவென்று தெரிந்தது. கிருஷ்ணம்மா சுற்றிக்கொண்டு ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்தாள். வழக்கம்போல அவள் வாயில் கிராம்பு மணம். அவள் புருஷன் வரதராஜனுக்கு மேலதிகாரி. ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது விசாகப்பட்டணத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். வைர மூக்குத்தியும் கட்டுக்குலையாத கஞ்சிப் புடவையுமாக அவள் தெருவில் நடந்தால் அலிபிரி போகிற யாத்ரீகர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். "நீ போம்மா. நா ஆபீசுக்குச் சொல்லி அனுப்பறேன். உன் வீட்டுக்காரரோட நானும் வஸ்தா. உங்க அம்மாவ ஒரு தடவகூட நா பாக்கலியே" என்றாள்.

பஸ் புத்தூர் தாண்டுகிறவரை அந்த வாக்கியம் சுலோசனாவின் காதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்க அம்மாவ ஒரு தடவகூட நா பாக்கலியே.

பார்த்திருந்தாள். ஐப்பசி மழையில் சுலோசனா விஷக் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா திருப்பதிக்கு வந்து ஒரு மாதம்போல இருந்தாள். புகையிலை நாற்று நட்ட ஈரம் காயாத கையோடு வந்தாள். சாம்பல் போட்டானோ, பசு எருவைப் பறித்துப் போட்டானோ, மொட்டு விட்டால் கிள்ளுவானோ, விதைக்கு விட்ட செடியையும் சேர்த்துக் கிள்ளிவிடுவானோ என்று மகனை நினைத்துப் புலம்பிக்கொண்டே மகளுக்கு மிளகு ரசம் வைத்தாள். அந்த விதை அவளோடு சத்தியவேட்டிலிருந்து சீதனம் போல வந்தது. வருஷம் தவறாமல் கொல்லையில் போட்டு, காயவைத்து, தானே சுருட்டி, தானே பிடிப்பாள். கடைச் சுருட்டைத் தொடமாட்டாள். செடி எண்ண வரும் புகையிலை ஆபீசரிடம், "எண்ணிக்க நைனா. இது வித்து துன்றதுக்கு இல்ல, நான் வலிச்சி தீக்கறதுக்கு" என்று சிரிப்பாள்.

திருப்பதியில் அவள் கிணற்றுக்குப் பின்னால் போய்த்தான் பிடித்தாள். மகள் கேட்டுக்கொள்ளாமலே போனாள். ஆனால் புகை சுவரைத் தாண்டும் அல்லவா? காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கிருஷ்ணம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, பற்களுக்கிடையில் சுருட்டோடு துணி அலசிக்கொண்டிருந்தாள் அம்மா.

"எவரம்மா ஆமெ?" யார் அது என்று கேட்டாள்.

"பனிமனிஷி" என்றாள் சுலோசனா.

யோசித்துச் சொல்லவில்லை. தெலுங்கில் கேட்டதற்குத் தெலுங்கில் ஒரு சொல், அவ்வளவுதான் என்று பிறகு தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள். வேலைக்காரி என்று தமிழில் சொல்லியிருக்க மாட்டாள். தமிழில் அந்த வார்த்தை வாயிலேயே முள்ளாகக் குத்தியிருக்கும். அம்மாவுக்குத் தெலுங்கு அவ்வளவாகத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டாள். புத்தூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்று அவளைப் படிக்கவைத்தவள் அம்மா. சந்தையில் பாதிப் பேச்சு தெலுங்கு.

அன்று சாயங்காலம் கிருஷ்ணம்மா பழம் கொண்டுவந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கூடத்துக்குள் காலெடுத்து வைக்காமல் நிலையருகே நின்றாள்.

"காப்பி கலக்கட்டுங்களாம்மா?" என்று மகளைக் கேட்டாள்.

சுலோசனாவுக்கு உடம்பு முழுக்க ஒருமுறை குளிர்ந்தது. காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்றுகூட நினைத்தாள். "ம்" என்றாள்.

அதற்குப் பிறகு கிருஷ்ணம்மாவின் தலை தெரிந்தால் 'இன்னாடி' போய் 'இன்னாங்கம்மா' வரும். அவள் போனதும் ஒன்றுமே நடக்காதது போல, "ஏண்டி, ரசத்துல உப்பு போட்டியா?" என்பாள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. கடிந்துகொண்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். அம்மா அந்த வழியை வைக்கவில்லை. வரதராஜனுக்கும் தெரியும். "வுடு, அடுத்த வாரம் ஊருக்குப் போறவங்கதானே" என்று பேப்பரை விரித்துக்கொண்டான்.

கிருஷ்ணம்மா வீட்டு வேலைக்காரி ஒரு வாரம் வரவில்லை. ஏதோ பூஜைக்குப் பித்தளைப் பாத்திரமெல்லாம் தேய்க்கவேண்டும், உன் பனிமனிஷியை அனுப்புகிறாயா என்று சுவருக்கு மேல் கேட்டாள். சுலோசனா பதிலுக்குத் தடுமாறும்போதே, "நான் போய்ட்டு வந்துடறேங்கம்மா" என்று அம்மா ஒரு உருண்டை புளியோடு கிளம்பிவிட்டாள். போகாதே என்று சொல்ல வழி இருந்தது. சுலோசனா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக் கொல்லையில் அண்டா உருளும் சத்தம் கேட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

ஊருக்குப் போகும் நாளில் கிருஷ்ணம்மா வாசலில் நின்றுகொண்டிருந்ததால், அம்மாவுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் புடவை பெட்டியிலேயே தங்கிவிட்டது. வேலைக்காரிக்குக் கொடுப்பது போல, தான் கட்டி நைந்த ஊதாப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அம்மா இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருங்கம்மா."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், ஜன்னல் வழியாக, அதைப்பற்றி ஒரே ஒருமுறை பேசினாள்.

"இன்னாடி அது, பனிமனிஷி? நம்ம பாஷைல பாத்தா சரியாத்தான் கீது. பனில எழுந்து எலை எறக்கற மனுஷிதானே நானு?"

சொல்லிவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள். புகையிலைக் கறை படிந்த பற்கள் தெரிய, உண்மையாகவே சிரித்தாள். பஸ் நகர்ந்துவிட்டது.

*

"சின்னம்மா வர்ற வரிக்கும் வெக்கணும்க்கா" என்றான் முனிகிருஷ்ணன். பாடையின் குறுக்குக் கழியைக் கட்டி முடித்துவிட்டிருந்தான். "திருத்தணிக்கு ஆள் போய்க்கீது. ரயிலு சாயங்காலந்தான்."

ரத்தினம்மா அம்மாவுக்கு ஒரே தங்கை. சுலோசனா வாசலுக்கு அப்பால் தார் ரோட்டைப் பார்த்தாள். திருப்பதி பஸ் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

"வெயில் எப்படி அடிக்குது பாத்தியா? தாங்காதுடா. அம்மா கெளம்பற நேரத்துல வாசன வந்து நாலு பேர் மூக்கப் பொத்தணுமா?"

முனிகிருஷ்ணன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். படித்தவள், பட்டணத்தில் இருக்கிறவள், நல்லது கெட்டது தெரிந்தவள் என்று அவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையைத்தான் இப்போது அவள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா திட்டும்க்கா."

"நான் சொல்லிக்கறேன்."

அவன் தலையாட்டினான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து நடுச்சரத்தின் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். காம்பு காம்பாகத் தடவிக்கொண்டே போனான்.

"இதுதான் மேல்சுத்துக்குன்னு தனியா கோத்து வெச்சிருந்தது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "மத்த எலையெல்லாம் உள்ள வெச்சி சுருட்டிக்கலாம். மேல சுத்தறதுக்கு மெல்லிசா, அகலமா, ஓட்ட இல்லாத எலை வோணும். இந்த வருசத்துச் சுருட்ட அம்மா இன்னும் ஒண்ணு கூட வலிக்கல. காலைலதான் எறக்கி சுருட்டலாம்னு..." அவன் நிறுத்திக்கொண்டான். "மடில ஒண்ணு வெச்சி அனுப்பலாம்னு பாத்தேன்."

நொறுங்கியதில் பெரிய துண்டுகளாகப் பொறுக்கினான். தண்ணீரைத் தெளித்துப் பலகையில் வைத்து உருட்டிப் பார்த்தான். உருட்ட உருட்ட மடிப்பில் வெடித்தது. இன்னொன்றும் வெடித்தது. சுலோசனா பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகர்ந்துபோகவும் முடியவில்லை.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பாடையில் வைக்கும் நேரம். பறை வேகம் கூடியது. "மாமா வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள்.

வரதராஜன் செருப்பை வாசலில் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கையில் சம்பங்கி மாலையோடு, கிருஷ்ணம்மா.

சுலோசனா பாடைக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றாள். எதற்கு நின்றாள்? ஒரு ஆளால் மறைத்துவிட முடியுமா? கிருஷ்ணம்மா அவளை அணைத்து, முதுகைத் தடவி, மெதுவாக நகர்த்திவிட்டு முன்னே போனாள். குனிந்து மாலையைப் போட்டாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

அவள் பார்வை முகத்திலிருந்து கைகளுக்குப் போனது. எத்தனை குளிப்பாட்டியும் போகாத புகையிலைக் கறை விரல் நுனிகளில் இருந்தது. பிறகு தலைக்கு மேல் தொங்கிய சரங்களைப் பார்த்தாள். கடைசியாகத் திரும்பி சுலோசனாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் சுலோசனா அதைத் தாங்கியிருப்பாள். கிருஷ்ணம்மாவின் முகத்தில் இரத்தம் வற்றியிருந்தது. பிடிபட்டவளைப் போல நின்றாள். சட்டென்று மண் தரையில் மண்டியிட்டு, அம்மாவின் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் கட்டின் மேல் நெற்றியை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. தோள் குலுங்கியது.

"யாரு இந்தம்மா?" என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். "மூக்குத்தி பாத்தியா? கங்கம்மாவுக்கு இம்மாம் பெரிய எடத்துல ஒறவா?"

எதிர்வீட்டுக்காரி கேட்டே விட்டாள். "உனுக்கு இவங்க இன்னா வோணும்மா?"

கிருஷ்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்நேகம்" என்றாள்.

பிறகு முனிகிருஷ்ணன் கையில் வெடித்துப்போன இலையைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். கிராம்பு, பாக்கு இவற்றுக்கு அடியில், வாழை நாரால் கட்டிய ஒரு சுருட்டு இருந்தது. அந்தக் கட்டு அம்மாவுடையது. வேறு யாரும் நாரை அப்படி இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகமாட்டார்கள்.

அதை சுலோசனாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "நுவ்வே பெட்டு" என்றாள், நீயே வை என்று.

சுலோசனா வைத்தாள். கோடிப் புடவையின் மடிப்புக்குள், இடுப்போரம். அம்மாவின் வயிறு குளிர்ந்திருந்தது. "தூக்குங்கப்பா" என்று குரல் வந்தது.

*

ஆண்கள் போன பிறகு வீடு கழுவ ஆரம்பித்தார்கள். கொல்லைக் கிணற்றடியில் கிருஷ்ணம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மாற்றுப் புடவை கொண்டுவரவில்லை. யாரோ கொடியிலிருந்து கைக்குக் கிடைத்ததை உருவிக் கொடுத்தார்கள். அது அந்த ஊதாப் புடவை. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. கிருஷ்ணம்மா அதையே உடுத்திக்கொண்டாள்.

புகையிலைப் பாத்தி வெறும் தண்டுகளாக நின்றது. மூலையில் விதைக்கு விட்ட செடி மட்டும் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து, காய்ந்த காய்களோடு நின்றது.

"எங்க ஊர்ல சுருட்டு நெருப்ப வாய்க்கு உள்பக்கம் வெச்சி குடிப்பாங்க" என்றாள் கிருஷ்ணம்மா, செடியைப் பார்த்தபடி. "மா அம்மா அப்படி. நானும் அப்படி. ஆயனகாருக்கு, எங்க வீட்டுக்காரருக்குக் கூட தெரியாது. கெணத்துக்கு அந்தாண்ட ஒரு வாசன வந்துது பாரு, எனக்குக் காலு நிக்கல. பனிமனிஷிதானேன்னு பயமில்லாம போய் உக்காந்தேன். நா குடிக்கறத பாத்து உங்கம்மா சிரிச்சா. வாய் வேகாதான்னா."

சுலோசனா கிணற்றுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நா கேட்டேன். உன் மூக்கு, அவ மூக்கு ஒகட்டே, ஒண்ணேதானேன்னு. அதுக்கும் சிரிச்சா. மலைய காட்டி, ஏடுகொண்டலவாடு மேல சத்தியம் பண்ணா. 'எங்க வீட்டம்மா எங்க, நா எங்க'ன்னா."

இழவு வீட்டுப் பாத்திரங்களைக் கிணற்றடியில் கொண்டுவந்து குவித்தார்கள். சுலோசனா உட்கார்ந்து சாம்பலும் புளியும் எடுத்தாள். கிருஷ்ணம்மா எதிரில் குந்தினாள். குவியலில் இருந்து அண்டாவை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம், விடுங்க."

விடவில்லை. ஈரப் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.

ரயிலில் வந்த ரத்தினம்மா தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். காலியான, கழுவி ஈரமான தாழ்வாரத்தைப் பார்த்ததும் அந்தச் சத்தம் நின்றது. வீட்டுக்குள் ஒரு சுற்று வந்துவிட்டுக் கொல்லைக்கு வந்தாள்.

"எடுத்துட்டீங்களாடி?"

"வெயில் சின்னம்மா..."

"எங்கக்கா இன்னா மீனா, ரெண்டு நாழி தாங்காம பூடறதுக்கு? அடுத்த மாசத்துலேந்து திருத்தணிக்காரங்க நாங்க மெட்ராசாம், நீங்க ஆந்திராவாம். ஆபீசருங்க எல்ல கட்றதுக்கு முன்னாடி நீ கட்டிட்டியேடி. மூஞ்சிய ஒரு தபா பாக்க வுட்டியா?" அவள் கண் எதிரில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் மேல் போனது. நைந்த புடவை, புளிக் கை, குனிந்த தலை. "பெத்தவ சாவுக்கு வரும்போது கூட வேலைக்காரிய இட்டுக்கினு வந்துக்கிறியா, மகராசி?"

சுலோசனாவின் கையில் சாம்பல் உறைந்தது. இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்; அதற்கும் பதில் சொல்லவேண்டும். வாயைத் திறந்தாள்.

"அவுனம்மா" என்று ஆமோதித்தாள் கிருஷ்ணம்மா தலையை நிமிர்த்தாமல். "பனிமனிஷி."

"அடில கரி அப்டியே கீது பாரு. நல்லா அழுத்தித் தேயி" என்று சொல்லிவிட்டு ரத்தினம்மா உள்ளே போனாள். உள்ளே போன பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.

கிருஷ்ணம்மா அழுத்தித் தேய்த்தாள்.

*

கடைசி பஸ்ஸுக்கு வரதராஜனும் கிருஷ்ணம்மாவும் கிளம்பிவிட்டார்கள். ஊதாப் புடவை அலசிப் பிழிந்து கொடியில் கிடந்தது.

கோழி கூவுவதற்கு முன்னால் சுலோசனாவுக்கு விழிப்பு வந்தது. தாழ்வாரம் இன்னும் இருட்டாக இருந்தது. ரத்தினம்மா கதவோரத்தில் பாயில் சுருண்டிருந்தாள். முன்தினம் ஒரே மாற்றுப் புடவையோடு வந்தவள் சுலோசனா. அதுவும் கரியும் சாம்பலுமாக இருந்தது. கொடியில் இருந்ததை உதறி உடுத்திக்கொண்டாள். பனியில் அது முழுக்கக் காய்ந்திருக்கவில்லை.

வாசலில் வேப்பமரம் தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. முக்காலியை ஓசைப்படாமல் நகர்த்தி ஏறி, மிச்சமிருந்த சரங்களில் ஒன்றைத் தொட்டாள். சத்தமே இல்லை. இலை விரலோடு மடங்கி வந்தது. முடிச்சை அவிழ்த்தாள். சரம் அப்படியே அவள் முன்கையில் இறங்கி, ஈரமாக, கனமாகப் படிந்தது.

பாயில் அசைவு கேட்டது.

"யக்கா" என்றாள் ரத்தினம்மா, தூக்கம் கலையாத குரலில். "எலை பதமா கீதா?"

சுலோசனா முக்காலியின் மேல் அசையாமல் நின்றாள். கையில் இருந்ததிலிருந்து ஒரு இலைகூட உதிரவில்லை.

"ம்" என்றாள்.

ரத்தினம்மா போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுலோசனா அடுத்த முடிச்சுக்குக் கையை நீட்டினாள்.